பெயர் மேல் ஒட்டிய தாள்

9-2-1976, திங்கள் இரவு

ஆசிரியர் மாநாட்டு அழைப்பிதழ்கள் இன்று அச்சாகி வந்தன. சிறப்புப் பேச்சாளர் என்று போட்டிருப்பது என் நண்பன் மாணிக்கத்தை. போன மாதக் கடைசியில் மாநில ஆட்சியைக் கலைத்ததைப் பற்றிப் பென்னாகரத்தில் ஏதோ பேசினான் என்று முந்தாநாள் அவனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டது.

"மறுபடி அச்சடிக்க நாளில்லீங்க. அவரு பேரு மேல தாள் ஒட்டி உங்க பேரப் போட்டுடுங்க. செயலாளர் நீங்களே பேசிடலாம்" என்றார் சங்கத் தலைவர். சரி என்று அழைப்பிதழ்க் கட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஒட்டினேன். ஒன்றில் மட்டும் ஒட்டக் கை வரவில்லை. முதல் அழைப்பிதழைப் பேச்சாளர் வீட்டில் நேரில் கொடுப்பது எங்கள் சங்க வழக்கம். மாணிக்கத்தின் வீடு பின்தெருவில்தான்; ஒட்டாத அந்த ஒன்று இன்னும் என் மேசையில் கிடக்கிறது. அவன் மனைவி இன்னும் விளக்கை அணைக்கவில்லை, ஜன்னலில் தெரிகிறது. நான் என் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.