நாலாவது சத்தம்

காமயகவுண்டன்பட்டி
தாது வருடம், மாசி மாதம்

பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் கருத்தக்கண்ணனுக்கு அப்பன் பேச்சிமுத்து எழுதுவது. நீ அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்கக் குலசாமி துணை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் தங்கை பவுனு புருஷன் ஒச்சாண்டிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கடல் தாண்டி இருக்கிற பிள்ளை கலங்கிப்போவான், எழுதாதீர்கள் என்கிறாள் உன் ஆத்தா. எத்தனை நாளைக்கு மறைப்பது.

மேகமலைக்குப் பாதை வெட்டுகிற இடத்தில் மாப்பிள்ளை பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார். அங்கே முதலில் ராக்கையா என்று ஒரு மேஸ்திரி. புது ஆளை வெடிமருந்தைத் தொட விடமாட்டான், இடத்தைச் சுற்றிவரச் சொல்லி, என்ன பார்த்தே, என்ன கேட்டே என்று அவனவன் வாயிலிருந்தே வரவழைப்பான். வேலை நகரவில்லை என்று காண்டிராக்டர் அவனை நிறுத்திவிட்டார். அடுத்து வந்தவன் வாய்ப்பாடு மாதிரி கூட்டமாகச் சொல்லவைத்தான்: நாலு திரி, நாலு சத்தம், இறங்கு. நம் ஊர்க் கிணற்று வெட்டுக்கு அது சரிதான். அன்று வேலை ஒரு மலையிடுக்குக்குள் போயிருந்தது. மூன்று வெடி அடுத்தடுத்து வெடித்தது, கடைசிச் சத்தம் எதிர்ப்பாறையில் பட்டுத் தனியாகத் திரும்பி வந்திருக்கிறது. நாலு ஆயிற்று என்று மாப்பிள்ளைதான் முதலில் இறங்கினார். வெடிக்காமல் இருந்தது அப்போது வெடித்தது. "அவுக வலின்னு ஒரு சொல் சொல்லலப்பா" என்று பவுனுதான் அழுதுகொண்டு கிடந்தாள்.

அதன்பிறகு வேலைக்கு ஆள் வரப் பயந்தது. மாப்பிள்ளை தானாகவே, "என்னை அங்கன கொண்டுபோய் விடுங்க" என்று வண்டி கட்டச் சொன்னார். இப்போது புது ஆட்களை அவரிடம்தான் விடுகிறார்கள். அந்த இடுக்கில் உட்காரவைத்து, துண்டால் கண்ணைக் கட்டி, கோயில் வேட்டுப் போடவைத்து, எது நம்ம சத்தம், எது பாறைச் சத்தம் என்று கேட்கிறார். விடை மட்டும் சொல்வதில்லை. "நான் சொன்னா அது என் காதுல கேட்டது, உன் காது எப்ப கத்துக்கிறது" என்கிறாராம்.

இப்போது உன் தம்பி கர்ணன் அந்த வேலைக்குப் போவேன் என்று நிற்கிறான். நெல் கருகிவிட்டது, இரண்டு வீட்டு அடுப்பும் எரியவேண்டும், வேறு வழி எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மானத்தை விட்டு மாப்பிள்ளையிடம் போய், இவனை மட்டும் தேற விடாதீர்கள் என்று கெஞ்சினேன். "தப்பாச் சொன்னா அனுப்ப மாட்டேன் மாமா, சரியாச் சொன்னா நிறுத்தவும் மாட்டேன்" என்றுவிட்டார். கர்ணன் போகிற தடவையெல்லாம் தப்பாகச் சொல்லித் தலையைத் தொங்கப்போட்டு வந்தான். உன் ஆத்தா சந்தோஷத்தில் சூடம் ஏற்றினாள். பிள்ளைக்குப் படிப்பு ஏறக்கூடாது என்று வேண்டிக்கொண்ட குடும்பம் நாமாகத்தான் இருக்கும்.

நேற்று சரியாகச் சொல்லிவிட்டான். பாறைச் சத்தம் நெஞ்சில் இடிக்காமல், காதுக்கு மட்டும் வருகிறது என்று அவனாகவே கண்டுகொண்டானாம். மாப்பிள்ளை அவன் முகத்தை, கண்ணை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "போ" என்றாராம்.

உனக்கு எல்லாத் தெய்வமும் காவல். வேளைக்குச் சாப்பிடு. பவுனுக்குத் தனியாக நாலு வரி எழுது. தம்பியைத் திட்டி எழுதாதே, திட்டுவதெல்லாம் நான் திட்டிவிட்டேன். நல்லதாக எழுது, சீக்கிரம் எழுது. நாளைக் காலையில் அவன் மலை ஏறுகிறான்.

இப்படிக்கு,
உன் அப்பன்
பேச்சிமுத்து