விபத்தில்லா நூறு நாட்கள்

மார்ச் 3, திங்கள்

காலை வட்டம் இன்றிலிருந்து கால் மணி நேரமாம். பத்து நிமிடம் கைதட்டியது போதவில்லை போலிருக்கிறது.

மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணி வண்டியில் வந்து எங்கள் சலவைக்கூட வாசலில் நிற்கிறது. உள்ளே நாற்பது பேர் வட்டமாக நின்று, “இன்று எனக்கு ஏன் உற்சாகம்” என்று ஆளுக்கொரு வரி சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஊறின போர்வையைப் பிரிக்கப் போகிறவளுக்கு என்ன உற்சாகம் வரும்? இஸ்திரி ரோலர் ஓட்டுகிறவர், பாவம், “மெஷின் ஓடுது சார், அதான்” என்றார். அதற்கும் கைதட்டல். என் முறை வந்தது. “வட்டம் முடியப் போகுதுன்னு உற்சாகம் சார்” என்றேன். நான் மேற்பார்க்கிற பிரிப்பு மேசைப் பெண்கள் ஒன்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பியால் மட்டும் அடக்க முடியவில்லை. அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

மேனேஜர் வந்து மூன்று மாதம். முன்பு ஏதோ ஓட்டலில் இருந்தாராம். அழுக்கு மூட்டைக்குள் இதுவரை ஒரு விரலைக்கூட விட்டதில்லை. ‘கைதட்டி’ என்று பெயர் வைத்தது நான்தான். ஒரே நாளில் வண்டி ஓட்டுநர் வரைக்கும் பரவிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

மார்ச் 6, வியாழன்

தடித்த கையுறை தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. மெல்லிசு கையுறைதான் போட்டுக்கொள்கிறோம், நகம் பட்டாலே கிழிகிறது. இன்று மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்தேன். “சொல்லியிருக்கேன் மேடம், வந்துடும்” என்றார்.

மாலையில் ஒரு பெட்டி வந்தது. ஓடிப்போய்ப் பிரித்தோம். உள்ளே தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர். நன்றாக வேலை செய்கிறவர்களின் சட்டையில் ஒட்டுவாராம். நான் என்ன, ஒன்றாம் வகுப்பா?

மார்ச் 11, செவ்வாய்

சுவரில் புதுப் பலகை: “நாம் குழு அல்ல, குடும்பம்.” என் நாத்தனாரோடு இவரை ஒரு வாரம் விட வேண்டும். தானாகவே அழித்துவிடுவார்.

மார்ச் 14, வெள்ளி

ஒவ்வொரு பகுதி வாசலிலும் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு எண் மாட்டியிருக்கிறார். அதற்கு இன்று பரிசு அறிவித்தார். நூறு நாளைத் தொடுகிற பகுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறை, எல்லோருக்கும் சேர்த்து. நம் மேசையில் இன்று எண்பத்தேழு.

வட்டத்தில் கொட்டாவி விட்டேன். ஆனால் இந்தத் தாளில் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? அந்த ஞாயிறு எனக்கு வேண்டும். மகள் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்காரருக்கும் அன்று வேன் ஓட்டம் கிடையாது. மற்றவர்களுக்கும் ஆசைதான். சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சு.

“நூறாவது நாளை எவளாவது கெடுத்தீங்க, தோலை உரிச்சு அதையும் சலவைக்குப் போட்டுடுவேன்” என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மார்ச் 19, புதன்

இன்று மூட்டைகளில் கிடைத்தவை: ஒரு பல்செட், ஒற்றைச் செருப்பு, இரண்டு ஸ்பூன், வளைந்த கத்தரிக்கோல் ஒன்று. கத்தரிக்கோல் அறுவைசிகிச்சைத் துணிக்குள் சுருண்டு கிடந்தது. நல்லவேளை, என் கையில் சிக்கியது. கையுறைக்கு நான்காவது கடிதம்.

சிரிப்பி பிரசவ விடுப்பு முடிந்து வந்து ஒரு மாதம்தான். குழந்தைக்கு ஐந்து மாதம். மதியம் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறதென்று பத்து நிமிடம் பின்னறைக்குப் போய் வருகிறாள். வட்டத்தில் கைதட்டி கேட்டபோது, “என் பையன் குப்புற விழுந்துட்டான் சார், அதான் உற்சாகம்” என்றாள். இன்றைக்கு மட்டும் உண்மையாகவே எல்லோரும் தட்டினார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

தொண்ணூற்றெட்டு. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வந்து தலை தூக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் சிரிப்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, ஒரு விஷயம்...” “என்ன, உனக்கும் நட்சத்திரம் ஒட்டணுமா?” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்காரரிடம் கைதட்டி நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். மனிதர் புரையேறிச் சிரித்தார்.

மார்ச் 27, வியாழன்

நூறு! பலூன், கேக், போட்டோ. கைதட்டி எங்கள் நடுவில் நின்று இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். “ஒரு தலைவனோட வேலை ஆளுங்களுக்குள்ள இருக்கிற நெருப்பைத் தூண்டி விடுறது” என்று பேசினார். பலூன் வருகிறது, கையுறை வரவில்லை. நெருப்பாம் நெருப்பு.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக மகளுக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது?

காலை ஏழரைக்கு ரோலர்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க மேசைல அந்தச் சிரிப்பிப் பொண்ணு, ஊசி குத்தினா குழந்தைக்குப் பால் குடுக்கலாமான்னு என்கிட்ட கேக்குதும்மா. எனக்கென்ன தெரியும்? நீங்க கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

அவளைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இடது கையில் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர். நேற்றைய போட்டோவில் அந்தக் கையைத்தான் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறாள்.

“எப்போ?”

“செவ்வாய்க்கிழமைக்கா. பத்து மணி இருக்கும். தலையணை உறைக்குள்ள ஊசி இருந்துச்சு. ரத்தம் வந்துச்சு. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.”

செவ்வாய் பத்திலிருந்து புதன் பத்து, வியாழன் பத்து, வெள்ளி பத்து — விரல் விட்டு எண்ணினேன். யாருக்குக் குத்திய ஊசியோ, எந்த நோயாளியின் ரத்தமோ. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மருந்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், தாண்டினால் கொடுத்தும் பயனில்லை. இந்த மேசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். சொல்லிக் கொடுத்தவளே நான்தான். மீதி இருந்தது இரண்டரை மணி நேரம்.

மேனேஜர் அறைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தை இது, அப்படியே எழுதி வைக்கிறேன்: “நேத்துதானே மேடம் தலைமை ஆபீசுக்கு போட்டோ அனுப்பினேன்.”

த்தூ. இதெல்லாம் ஒரு மனுஷனா? அப்படியே கழுத்தைப் பிடிச்சிருப்பேன். “சார், சாவியை எடுங்க” என்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, எடுத்துக்கொண்டார்.

காரின் பின்சீட்டில் சிரிப்பியின் மணிக்கட்டை நான் இறுகப் பிடித்திருந்தேன், ஏதோ அவள் ஓடிவிடுவாள் என்பதுபோல. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். “யாரோட ஊசின்னு தெரியாதா? அப்போ எதையும் விட முடியாது, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் பார்க்கணும்” என்றார். பத்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது முதல் மாத்திரையை விழுங்கினாள். இருபத்தெட்டு நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. அதுவரைக்கும் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம்.

அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள். “மூணு நாளா குடுத்துட்டேனே டாக்டர்... குடுத்துட்டேனே...” டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுக் குழந்தையையும் கூட்டிவரச் சொன்னார்.

நடைபாதையில் அவளிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “ஏன்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த ஆளோட நூறு நாளைக்குப் பயந்தா இப்படிப் பண்ணினே?”

“அவருக்கு யாருக்கா பயந்தா?” என்றாள். “எல்லாருக்கும் லீவு போயிடும்னு இருந்துச்சு. அப்புறம்... உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். நீங்க ஏதாவது சொல்லிச் சிரிப்பீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிக்கணும். அன்னிக்கு எனக்கு முடியலக்கா.”

கைதட்டி எதிர் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை வாய் திறந்தார். “எல்லாப் பகுதியிலருந்தும் குறை சொல்லி வருவாங்க மேடம். உங்க மேசைலருந்து மட்டும் யாரும் வர மாட்டாங்க. சந்தோஷமா இருக்காங்கன்னு நினைச்சுட்டேன்.” நல்ல பதில் ஒன்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

விடுமுறையை ரத்து செய்யவில்லை. போட்டோ போய்விட்டதே!

மகள் வீட்டுக்குப் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ‘கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.’ கவனித்திருக்கிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன். ஏன் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. பதினேழு வருடம் பிரிப்பு மேசையில் நிற்கிறவள்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன் பேச்சு வீட்டுல எனக்குச் சிரிப்பா இருக்கு. உனக்குக் கீழே வேலை பார்த்தா எப்படி இருக்கும்னு நான் யோசிச்சதில்ல” என்றார். கோபம் கோபமாக வந்தது. எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 31, திங்கள்

இந்த ஆளைத் திருத்த முடியாது. வாசலில் புதுப் பலகை: “தைரியமாகச் சொல்வோம்!” கீழே சிரிப்பியின் படம், பக்கத்தில் ஒரு பெரிய நட்சத்திரம், ‘துணிச்சல் நாயகி’ என்ற பட்டம். அவள் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறாள். குழந்தை புட்டியை வாயில் வைக்கவே மாட்டேன் என்கிறதாம்.

நாற்காலி போட்டு ஏறி நானே கழற்றினேன். “கையுறை எங்க சார்?” என்று மட்டும் கேட்டேன். மற்ற நாளாக இருந்தால் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டிருப்பேன். இன்று அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

தடித்த கையுறை வந்தது, எட்டுப் பெட்டி. மூன்று நாளில் வரக்கூடியதுதான். ஐந்து வாரமாக அதற்கு ஆர்டர் போட்டவர்தான் யாருமில்லை. நானும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, மெல்லிசு கையுறையில் யாரும் மூட்டையைத் தொடக் கூடாது என்று வேலையை நிறுத்தவில்லை. நிறுத்துகிற அதிகாரம் எனக்கு இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சிரிப்பி வேலைக்கு வந்துவிட்டாள். மடிப்புப் பகுதிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். கைதட்டி என்னைக் கேட்டார். சரியென்று கையெழுத்துப் போட்டேன்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவளுடையது ஜூன் முடிவில்தான் தெரியும்.

மே 12, திங்கள்

மேசைக்கு வந்த புதுப் பெண் மதியம் என்னிடம் வந்து கையை நீட்டினாள். கையுறையில் கீறல், உள்ளே தோலில் ஒன்றுமில்லை. ‘இதுக்கா இந்த முகம்?’ என்று ஆரம்பிக்க வந்ததை நிறுத்தி, “நல்லது பண்ணினே. வா, கழுவிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடலாம்” என்றேன். கிளினிக் வரைக்கும் இருபது நிமிட நடை. வாயை மூடிக்கொண்டு நடப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று இத்தனை வயதுக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 9, திங்கள்

வட்டம் ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருக்கிறது. “நேத்து எதுல கை வெட்டுப்பட இருந்துச்சு, சொல்லுங்க” என்று கேட்கிறார். உருப்படியான கேள்விதான். அதையும் கைதட்டித்தான் கேட்கிறார், அது வேறு விஷயம்.

ஜூன் 30, திங்கள்

காலையில் ரோலர்காரரிடம், “அந்தப் பொண்ணுக்கு முடிவு எப்போ வருதாம்?” என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “வெள்ளிக்கிழமையே வந்துடுச்சேம்மா. ஒண்ணும் இல்லையாம். உங்களுக்குத் தெரியாதா?”

நேரே மடிப்புப் பகுதிக்குப் போனேன். சிரிப்பி போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். முகம் தெளிந்திருக்கிறது. கையில் பிடித்திருந்ததை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

“கேள்விப்பட்டேன்மா. ரொம்பச் சந்தோஷம்.”

“ஆமாக்கா. பையனும் நல்லா இருக்கான். நிக்கப் பார்க்கிறான்.”

அதோடு திரும்பியிருக்க வேண்டும். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. கோபமிருந்தால் பரவாயில்லை.

“சொல்லத்தாங்க்கா வெள்ளிக்கிழமை உங்க மேசைக்கு வந்தேன். நீங்க ஏதோ சொல்லிட்டிருந்தீங்க, எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க. அப்படியே திரும்பிட்டேன்.”

வெள்ளிக்கிழமை என்ன சொன்னேன் என்று சாயங்காலத்திலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். கைதட்டியைப் பற்றி ஏதோ ஒன்றாக இருக்கும். என்னவென்று நினைவுக்கு வரவில்லை.