வாபஸ் வாங்கவில்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலும் என்னுடைய வாயும் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, வேறு குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் பெரிது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசிவிட்டு அழ ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி. நீ முதலில் தேடப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்புமனுவை வாபஸ் வாங்க நேற்று மாலையோடு கெடு முடிந்தது. நான் வாங்கவில்லை.

இந்த வயதில் உனக்கு எதற்கம்மா கவுன்சிலர் பதவி, அதுவும் ஒரு கக்கூஸுக்காக யாராவது தேர்தலில் நிற்பார்களா, நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டாய். சிரித்தார்கள் மகளே, அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நம் சாவிக் கடைக்கு எதிரே சந்தை முனையில் பெண்கள் கழிப்பறை இருக்கிறதே, அதைப் போன மழைக்கு முன்பே பழுது என்று அட்டை மாட்டிப் பூட்டிவிட்டார்கள். ஆண்களுக்கு என்ன, ஊரெல்லாம் சுவர். சந்தையில் உட்கார்ந்து விற்கிறவர்களும் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்க்கும் பெண்களும் எங்கே போவார்கள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். முட்டைக்காரி, நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது முட்டை ஓட்டை விரலில் மாட்டிப் பொம்மை காட்டுவாளே அவளேதான், ஒரு நாள் நட்ட நடுப்பகலில் குளிர் சுரத்தோடு தட்டுகளுக்கு நடுவே சரிந்தாள். நான்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் வெட்கத்தில் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் நம்பவில்லை. "வெயிலாவது மண்ணாவது, கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு, இத்தனை நாளா ஏன்மா அடக்கி வெச்சீங்க" என்று திட்டினார். முட்டைக்காரி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாளே சந்தைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசியவர்கள் அவர் முன்னால் போனதும் தரையைப் பார்த்து நின்றார்கள், அதனால் நானே எடுத்துச் சொன்னேன். அவர் நாற்காலியை ஆட்டிக்கொண்டே "ஏம்மா, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லயே முடிச்சிட்டு வந்தா என்ன?" என்றார். சுற்றி இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. வெளியே வந்ததும் கீரைக்காரி "விடுக்கா, நம்ம தலையெழுத்து" என்றாள். தலையெழுத்தாம்! பூட்டினது ஒரு ஆள், பழி பிரம்மன் மேலேயா?

கொஞ்ச நாளில் தேர்தல் அறிவித்தார்கள், அப்போது கடவுளாகப் பார்த்து ஒரு வேலை அனுப்பினார். கவுன்சிலரின் ஆள் நம் கடைக்கு ஓடி வந்து, ஒரு பூட்டின் சாவி தொலைந்துவிட்டது, அவசரமாகத் திறக்க வேண்டும் என்றார். பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனால் அதே கழிப்பறைக் கதவு! நான் வாயைத் திறக்காமல் பூட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு பழுதும் இல்லை மகளே. ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், பழைய தேர்தல் பேனர்கள், பேனருக்குப் பேனர் கைகூப்பிச் சிரிக்கிற கவுன்சிலர். குழாயைத் திருகினேன், தண்ணீர் கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, உன் பிரசவத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. கீரைக்காரி, வெங்காயக்காரி, துணிக்கடைப் பெண்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். நாற்காலிகளைத் தூக்கி வெளியே வைத்தோம். பேனரைச் சுருட்டி ஓரமாகச் சாத்தினோம், கிழிக்கவில்லை, நீ கவலைப்படாதே. கவுன்சிலரே வந்துவிட்டார். "யாரைக் கேட்டும்மா திறந்தே?" என்றார். உங்கள் ஆள்தான் கூப்பிட்டார் என்றேன். "அவ்வளவு அக்கறையா? அப்போ நீயே எலக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சு வந்து திறந்து விடு பார்ப்போம்" என்றார். மறுபடியும் அதே சிரிப்பு. நான் "சரிங்க, நிக்கிறேன்" என்றேன். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. சொன்ன பிறகு எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. சாயங்காலமே அந்தக் கதவில் இன்னும் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. அதைத் திறக்க எனக்குச் சூடான காபி ஆறுகிற நேரம்கூட வேண்டாம். ஆனால் நான் திறக்கத் திறக்க அவர் பூட்டிக்கொண்டே இருப்பார். பூட்டோடு மல்லுக்கட்டி என்ன பயன், பூட்டுகிற கையை அல்லவா மாற்ற வேண்டும்?

மனு கொடுத்த பிறகு நடந்ததெல்லாம் உன் சித்தப்பா உனக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருப்பார். அவர் என்னிடம் "அண்ணி, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க" என்றார். கடைக் கட்டிடத்துக்காரர் கவுன்சிலருக்கு வேண்டியவர், வாபஸ் வாங்கு இல்லாவிட்டால் கடையைக் காலி செய் என்கிறார். காலி செய்யச் சொன்னால் மேசையைத் தெருவோரம் போட்டுச் சாவி வெட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அதைவிட வலித்தது வேறொன்று. ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சாவியும் அவள் கையில், ஓட்டும் போட்டால் வீடு காலி என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டொருவர் பூட்டை மாற்றியும் விட்டார்கள். அதற்கும் என்னிடமே வந்தார்கள் என்பது தனிக் கதை! நான் சந்தையில் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று "உங்க வீட்டுக்கெல்லாம் நான்தான் சாவி செஞ்சேன், இத்தனை வருஷத்துல யார் வீட்லயாவது ஒரு கரண்டி காணாமப் போச்சா, சொல்லுங்க" என்று கேட்டேன். வெங்காயக்காரி "எங்க வீட்ல காணாமப் போனது என் புருஷன்தான், அவனை யாரும் திருப்பித் தர வேண்டாம்" என்றாள். சந்தையே சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு, கேட்க நன்றாக இருந்தது.

அப்பா என்ன சொல்கிறார் என்று நீ கேட்கிறாய். முதலில் ஓட்டு வேண்டுமானால் போடுகிறேன், கூட வரமாட்டேன் என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு டீக்கடையில் அவரோடு பஸ் ஓட்டிய பழைய நண்பர் ஒருவர், பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று கேலி செய்திருக்கிறார். உன் அப்பா டம்ளரை வைத்துவிட்டு "அடக்கி அடக்கித்தான் ஒருத்தி ஆஸ்பத்திரியில படுத்தா. இனிமே எவளும் எதையும் அடக்க வேண்டாம்" என்றாராம். அவர் என்னிடம் சொல்லவில்லை, டீக்கடைக்காரர் சொன்னார். மறுநாளிலிருந்து முழங்காலில் பட்டியைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கிறார்.

இப்போது வாபஸ் கதைக்கு வருகிறேன். மூன்று நாளைக்கு முன் கவுன்சிலர் ரிப்பன் வெட்டிக் கழிப்பறையைத் திறந்துவிட்டார்! புதுச் சுண்ணாம்பு, புது பல்பு, வாசலில் அவர் படம். திறந்த கையோடு "நீங்க கேட்டது கிடைச்சாச்சே, வாபஸ் வாங்கிடுங்க, கடையும் உங்களுக்கே இருக்கட்டும்" என்று ஆள் விட்டார். நீயும் அதையே சொன்னாய், கேட்டது கிடைத்ததே என்று. நானும் நேற்றுக் காலை வரை யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அப்போது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டிலேயே படுத்திருந்த முட்டைக்காரி, இளைத்துப்போய், நேரே கடைக்கு வந்து உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் "நீ நிக்கிறேன்னு சொன்னதுக்கே திறந்துட்டாங்க. நீ விலகின மறுநாள் பூட்டினா நான் எங்கக்கா போவேன்?" என்றாள். அவ்வளவுதான். கடையைச் சாத்திவிட்டு மாலை வரை சந்தை நடுவில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாபஸ் வாங்குகிற ஆபீஸ் பக்கமே திரும்பவில்லை.

தோற்றுப்போனால் என்ன செய்வாய் என்கிறாய். தோற்றால் அடுத்த தடவையும் நிற்பேன். மாமியார் வீட்டில் உனக்குத் தலைகுனிவு என்றாய், அவர்களிடம் அம்மா எதற்காக நிற்கிறாள் என்று வெட்கப்படாமல் கக்கூஸ் என்கிற அந்த வார்த்தையையே சொல்லு, முதல் தடவைதான் கூச்சமாக இருக்கும். கடைவாய்ப் பல்லை இன்னும் பிடுங்காமல் வைத்திருக்கிறாயாமே, உடனே போய்க் காட்டு. குழந்தைக்குப் பேன் பார்க்க மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய், வேண்டாம் என்பார், ஆனால் போனைக் கையிலேயே வைத்திருப்பார். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயப்படாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உனக்கு இங்கே ஓட்டு இல்லை, ஆனால் உன்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் இந்த வார்டில்தான் இருக்கிறார்கள். அழுது முடித்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசு.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா,
சுயேச்சை வேட்பாளர்