மீன் முகாமுக்கு ஒரு துப்பாக்கி

குஸ்கோக்விம் ஆற்றங்கரை, அலாஸ்கா

என்னவருக்கு,

ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லையாமே. காய்ந்த சால்மன் அனுப்பியிருக்கிறேன்.

இந்தக் கோடைக்கு மீன் பிடித்துக் காயவைக்கும் முகாமுக்கு நானே ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். உங்கள் ரைஃபிளைத் தூக்கியதும், "அண்ணி, சுட்டா நீங்கதான் ஆத்துல போய் விழுவீங்க!" என்று உங்கள் தம்பி வாசிலி சிரித்தான். கைத்துப்பாக்கியில் குறி தப்பித் தப்பிப் போனது. கடைசியில் குட்டைக் குழல் ஷாட்கன்தான் தோளுக்கு ஒத்துவந்தது.

நேற்று மீன் காயவைக்கும் இடத்துக்குப் பழுப்புக் கரடி வந்தது. உங்கள் கையைக் கடித்த அதே கரடியாகவும் இருக்கலாம். "போயிடு!" என்று கத்திக்கொண்டே வானத்தைப் பார்த்துச் சுட்டேன். போய்விட்டது.

ஒரு கையோடு வந்து என்ன செய்யப்போகிறேன் என்று வாசிலியிடம் கேட்டீர்களாம். நான் குனிந்து மீன் அறுக்கும்போது புதர்ப்பக்கம் பார்த்துக்கொள்ள இங்கே ஆளில்லை. சீக்கிரம் வாருங்கள்.

உங்களவள்