சிரித்தால் கசியும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கூடத்தில் பாயை விரித்து, கைப்பேசியை நாற்காலிக் காலில் சாய்த்து வைத்து, மல்லாந்து படுத்து, பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சியைக் கற்க ஆரம்பித்தேன். 'தொடக்க நிலை, பாடம் ஒன்று.' வீடியோவில் சொல்லித்தருகிறவள் ஒரு ரப்பர்காரி. உடம்பில் எலும்பு இருப்பதாகவே தெரியவில்லை. அவள் ஏதோ மொழியில் பேச, அதன்மேல் யாரோ ஒரு தமிழ்க் குரலை ஒட்டியிருக்கிறார்கள். "உங்கள் தொப்புளை முதுகுத்தண்டிடம் கொண்டு சேருங்கள்" என்கிறது குரல். என் தொப்புளுக்கும் முதுகுத்தண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. நடுவில் அவ்வளவு தூரம்.

வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன, தரையில நீச்சலா?" என்றார். தொப்பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடுகிற மனுஷனுக்கு வாயைப் பாரு.

அவரிடம் இடுப்பு வலி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

உடம்பில் இத்தனை இடங்கள் இருப்பது வலித்த பிறகுதான் தெரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

இங்கேயாவது உள்ளதை எழுதுவோம். யார் படிக்கப் போகிறார்கள்?

எனக்குச் சிரித்தால் சிறுநீர் கசிகிறது. இருமினாலும் தும்மினாலும்கூட. ஆனால் தும்மலைக் கைக்குட்டையில் அமுக்கலாம் — சிரிப்பை எங்கே கொண்டுபோய் அமுக்குவது? இரண்டு வருஷமாக இந்தக் கூத்து. வேலை பார்ப்பதோ தண்ணீர் வாரியத்தில், குழாய்க் கசிவுப் புகார்ப் பிரிவில். ஊரில் உள்ள கசிவையெல்லாம் போனில் வாங்கிப் பதிவு செய்து, 'ஆள் அனுப்புகிறோம், பொறுங்கள்' என்று சொல்லிவிட்டு, தொடையை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி.

டாக்டரம்மா, இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்றார். சகஜமாம்! அவருக்கு வந்தால் தெரியும். பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் அனுப்பினார். அவள் ஒரு பொம்மை இடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினாள். அடியில் தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துவிட்டதாம். தொடக்க நிலை பிலாட்டீஸ் வீடியோ போட்டு வீட்டிலேயே செய்யுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றாள்.

அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன். "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதே."

விடவில்லை.

மார்ச் 13, வியாழன்

சரவெடி இன்றும் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனாள்.

அலுவலகத்தில் பல வருஷம் எனக்குப் பக்கத்து மேசை அவள். பற்றவைத்தால் நிற்காமல் வெடிப்பாள், அதனால் நான் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு வாய்த்த ஒரே நல்ல விஷயம் அவள்தான். போன வருஷம் ஒரு ஆள் போன் பண்ணி, குழாயிலிருந்து ராத்திரியெல்லாம் பாட்டுப் பாடுகிற மாதிரி சத்தம் வருகிறது என்றான். இவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், "நல்லா பாடுதா சார்?" என்று கேட்டாள். அன்று நான் கழிப்பறைக்கு ஓடியதும், ஈரத்துணியோடு அங்கேயே நின்றதும், சரவெடி கதவைத் தட்டத் தட்ட வாய் திறக்காமல் இருந்ததும் — சே.

மறுநாளே கண்காணிப்பாளரிடம், இங்கே காற்று வரவில்லை என்று பொய் சொல்லி, ஜன்னலோர மேசைக்கு மாறிவிட்டேன். ஏன் என்று கேட்டாள் சரவெடி. எனக்கு வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவு காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் வேறு எதைப் பார்த்தேனாம்? முகம் சுண்டிப் போய்த் திரும்பினவள்தான். அதன் பிறகு பேச்சில்லை.

மார்ச் 21, வெள்ளி

'நூறு' என்று ஒரு பயிற்சி. தலையையும் காலையும் தூக்கிக்கொண்டு, கைகளை மேலும் கீழுமாக நூறு தடவை தட்ட வேண்டும். "காற்றில் இறகு போல" என்கிறது குரல். நான் மாவு மூட்டை போல.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று சவால் விட்டு, பனியனோடு பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கினார். எட்டுக்கூட எண்ணவில்லை, தொடையில் பிடித்துக்கொண்டது. "ஐயோ, இழுத்துவிடு, இழுத்துவிடு" என்று கூடம் முழுக்க உருண்டார். உருண்டதில் கைப்பேசியோடு ரப்பர்காரியும் கவிழ்ந்தாள்.

சிரிக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். காலைத் தேய்த்துக்கொண்டே வந்தவர், "முந்தியெல்லாம் நான் வழுக்கி விழுந்தா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பே. இப்ப என்னைப் பார்த்தா சிரிக்கக்கூடத் தோணலையா?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.



மார்ச் 27, வியாழன்

சரவெடி வடக்குக் கிளைக்கு மாற்றல் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள். தேநீர் கொண்டுவருகிற அம்மாளிடம், "அங்கேயாவது சிரிக்கிற மனுஷங்க இருப்பாங்க" என்று சொன்னாளாம். எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

போகட்டுமே, எனக்கென்ன.

எனக்கென்னவா? பைத்தியக்காரி, அவ போயிட்டா அந்த ஆபீஸ்ல உனக்கு யாரு இருக்கா? ஜன்னலா?

ஏப்ரல் 4, வெள்ளி

பிசியோ பெண் என்னைப் படுக்க வைத்து, செய்யச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நிறுத்தி, என் வயிற்றில் கை வைத்து, "மூச்சை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

நான் ஒரு மாதமாக மூச்சை அடக்கிக்கொண்டேதான் செய்திருக்கிறேன். பல்லைக் கடித்து, கண் பிதுங்க. அப்படி அடக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழேதான் போகுமாம். தளர்ந்த தசை இன்னும் தளருமாம். "இறுக்கும்போதுதான் மூச்சை விடணும். அடக்கி அடக்கிச் செஞ்சா பட்ட பாடெல்லாம் வீண்."

ரப்பர்காரி ஒவ்வொரு அசைவுக்கும் 'மூச்சை விடுங்கள்' என்று கரடியாகக் கத்தத்தான் செய்தாள். நான் காதில் வாங்கினால்தானே? எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு மூச்சு என்றாலே 'விடாதே' என்றுதான் பழக்கம்.

ஒரு மாதம், அம்மா! உன் பேச்சைத் தரையில் படுத்தும் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூச்சை விட்டுக்கொண்டே செய்ய வருகிறது. தும்மல் ஒன்று வந்தது. தப்பித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மாற்றல் உத்தரவு திங்கட்கிழமை கையெழுத்தாகிறது என்று பேசிக்கொண்டார்கள். மதியம் சரவெடி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை அவள்.

"சிரிச்சா கசியுதுடி எனக்கு. ஒண்ணுக்கு. அதான் உன் பக்கத்துல உட்கார முடியல."

மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு போன் எடுக்கிற குரலில், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் ஆரம்பித்தாள்.

"வணக்கம், கசிவுப் புகார்ப் பிரிவு. எத்தனை நாளா கசியுது மேடம்?"

"ரெண்டு வருஷமா."

"இவ்வளவு நாள் ஏன் புகார் கொடுக்கல?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கசியவும் செய்தது, நிறையவே. நிறுத்தவில்லை. அவள் சிரிக்கவில்லை. தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "என்னைப் பிடிக்காமப் போயிருச்சுன்னு நினைச்சேன்டி. ஒரு வருஷமா வீட்டுக்குப் போய் அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உனக்கு?"

தெரியாது என்றேன். உண்மைதான். அழுதோம். அப்புறம் தன் மேல்துணியை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டு, கழிப்பறை வரை எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நானும் பழைய மேசைக்கு வந்துவிட்டேன். ஜன்னலோரம் காற்று அதிகமாம் — கண்காணிப்பாளரிடம் சொன்ன காரணம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "அப்ப அன்னிக்கு நான் உருண்டது உனக்குச் சிரிப்பா இருந்துச்சா?" என்று கேட்டார். ரொம்ப என்றேன். மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மே 15, வியாழன்

எனக்கும் சரவெடிக்கும் ஆளுக்கொரு மெமோ வந்திருக்கிறது. அலுவல் நேரத்தில், பொதுமக்கள் முன்னிலையில், இருவரும் தொடர்ந்து உரக்கச் சிரித்தது குறித்து எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமாம். கண்காணிப்பாளர் எதிரே நின்று கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணில் மட்டும்தான்.