அணை திறக்கவில்லை

நவம்பர் 12, செவ்வாய்

மதியம் எங்கள் எஸ்டேட்டில் மழை வலுத்தபோது பக்கத்து வீட்டு மேரி அக்கா கைப்பேசியோடு ஓடிவந்தார். வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவரின் குரல். அணையைத் திறந்துவிட்டார்கள், அணைக்குக் கீழே லெம்பா பெர்த்தாமில் இருப்பவர்கள் ஓடுங்கள் என்றது.

“நீ கவுன்சிலர்தானே? உன் ஃபேஸ்புக்ல போடு. எல்லாரும் பாப்பாங்க.”

“கேட்டுட்டுப் போடறேன்க்கா.”

“கேட்டுக்கிட்டு நிக்கிற நேரமா லா இது? என் தம்பி அங்க இருக்கான்!”

அணை அலுவலகத்துக்கு, எடுக்கும்வரை விடாமல் போன் போட்டேன். உண்மையாக இருந்துவிட்டால்? முன்பு ஒருமுறை அணையைத் திறந்தபோது வந்த சேற்று வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். திறக்கவில்லை, திறப்பதானால் முதலில் சைரன் ஒலிக்கும் என்றார்கள். யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதிப் போட்டேன்.

அதற்குள் அக்காவின் தம்பி, தன் மனைவியை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, வழுக்கி விழுந்துவிட்டான். அவளுக்குச் சிராய்ப்பு, அவனுக்குத் தோள் எலும்பு முறிவு. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நான்தான் அவனுக்கு அனுப்பினேன். உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்.”

என் பதிவின் கீழே இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வதந்தியைப் பரப்பியது யார், பெயரைப் போடு, யாரைக் காப்பாற்றுகிறாய் என்று. காரமாக ஒரு பதில் எழுதி, அழித்துவிட்டேன். நாளை பெர்த்தாமுக்குப் போய் சைரன் விஷயத்தை நேரிலேயே சொல்லப் போகிறேன். பெயரை மட்டும் எழுத மாட்டேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும். அக்கா இதே எஸ்டேட்டில்தான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.