தலையால் முட்டாத அணி

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்ச் 9, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. இந்தப் பருவத்தில் உங்கள் கால்பந்து அணி கெல்டர்பி டவுன் கார்னர் கிக்கில் வாங்கிய கோல்கள் இருபத்தொன்று, நேற்றைய மூன்றையும் சேர்த்து. ஆட்டம் முடிந்த கையோடு கிளப் தலைவர் ஸ்டான்ஸ்ஃபீல்டு உங்களைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார். நீங்கள் வீட்டுக்குக்கூட வராமல் ஃபைலி கடற்கரையில் இருக்கும் நம் காரவனுக்கு, அந்தச் சக்கர வீட்டுக்குக், காரை விட்டுவிட்டீர்கள். போனையும் அணைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். எட்டு மணிக்கு எனக்கு மருத்துவமனை ஸ்கேன் பிரிவில் வேலை இருக்கிறது, சுற்றி வளைக்க நேரமில்லை.

முதலில் கேஸ் அடுப்பு. சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடுங்கள். மூடினோமா என்று இன்னொரு தரம் பாருங்கள். அம்மா இதை மூன்று முறை எழுதச் சொன்னாள், நான் ஒரு முறை எழுதுகிறேன்.

ஊர்ச் செய்தி நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. நேற்று மாலை, இறைச்சி அடைத்த பை பலகாரம் விற்கும் கடையில் டாரீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பன் தங்கமான மனுஷன்தான்டா கண்ணு. ஆனா பந்து மேல வரும்போது பசங்க மழைக்கு ஒதுங்குற மாதிரி ஒதுங்கினா எப்படி?" என்றாள். பின்னால் நின்றவன், "தலையை வீட்டுல கழட்டி வெச்சிட்டு வர்றானுங்க போல" என்றான். கடையே சிரித்தது. நான் பை வாங்காமல் திரும்பிவிட்டேன். அதற்கும் அம்மாவிடம் திட்டு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் உங்கள் கேப்டன் ஜெரோம் வந்தான். வந்தவன் நம் சமையலறை வாசற்சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். "சீசன் பூரா காப்பாத்தி வெச்ச தலையை என் வீட்டுல வந்து உடைச்சுக்கறியேப்பா" என்று அம்மா சிரித்தாள். அப்புறம் அழுதாள். அவன் அவனுடைய அம்மா செய்த கேக்கைக் கொண்டுவந்திருந்தான். பந்தைத் தலையால் முட்டும் ஹெட்டர் பயிற்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்று நவம்பரில் நீங்கள் அவர்களிடம் சொன்னதை அப்படியே சொன்னான்: "பந்தை முட்டி முட்டியே மூளை கெட்டு, கென் ஆக்டன் தன் பொண்டாட்டியையே யாரும்மா நீன்னு கேட்டான். பதினோரு வருஷம் அவன் பக்கத்துல நின்னு முட்டினவன் நான். உங்களைப் பெத்தவங்களுக்கு அந்த நாளைக் குடுக்க மாட்டேன்."

பதினேழு வருடம் தடுப்பாட்டக்காரராக இருந்து, தலையால்தான் பெயர் வாங்கினீர்கள். அந்த நீங்கள், வேலை போகும் என்று தெரிந்தே அதை நிறுத்தினீர்கள். சரியாகத்தான் செய்தீர்கள். இதற்கு மேல் பாராட்ட எனக்குத் தெரியாது.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

நேற்று இரண்டாம் பாதியில் வெஸ்ஸை வெளியே எடுக்கச் சொன்னீர்கள். வெஸ் இடைவேளையிலேயே வெளியே வந்துவிட்டான். கோட்டுப் போட்டுக்கொண்டு உங்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். உதவிக் கோச் மிக், "பாஸ் இப்பவும் ஜோக் அடிக்கிறார் பாரு" என்று சமாளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஜோக் அடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை, "கென்னைப் பார்த்துட்டு வந்துடறேன், அவனுக்கு இஞ்சி பிஸ்கட் எடுத்து வை" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். கென்னை அக்டோபரில் அடக்கம் செய்துவிட்டோம். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் நீங்களும் ஒருவர். அம்மா பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் ஒரு மணி நேரம் கழித்து வந்து, பிரிக்காத பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டீர்கள்.

அப்பா, ஸ்டான்ஸ்ஃபீல்டு நீக்கியதற்காக நீங்கள் ஃபைலிக்கு ஓடவில்லை.

உங்களுக்கு மூளை ஸ்கேனுக்கு இரண்டு முறை நேரம் வாங்கினேன். முதல் முறை, "உன் குழாய்க்குள்ள என்னைத் திணிக்கப் பாக்கறியா, போடா" என்றீர்கள். இரண்டாம் முறை, "சீசன் முடியட்டும்" என்றீர்கள். உங்களுக்கு சீசன் முடிந்துவிட்டது. இப்படி எழுதுவது கொடுமை என்று தெரியும். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மறதிக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம், வைட்டமின் குறைவாக இருக்கலாம், நீங்கள் ஒழுங்காகத் தூங்கியே ஐந்து மாதம் ஆகிறது, அதுவாகக்கூட இருக்கலாம். மாத்திரையில் சரியாகிற விஷயத்துக்குப் பயந்துகொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது முட்டாள்தனம். மாத்திரையில் சரியாகாத விஷயமென்றால், அதை நீங்கள் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் விடப்போவதில்லை. ஜெரோமின் அம்மாவுக்கு நீங்கள் காட்டிய கரிசனத்தை என் அம்மாவுக்கும் காட்டுங்கள்.

நான் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போடுவேன். செவ்வாய்க்குள் உங்களுக்கு வந்துவிடும்.

2. நாளை கிளப்புக்குப் போய் உங்கள் பொருட்களை எடுத்து வருவேன். ஸ்டான்ஸ்ஃபீல்டு எதிரே வந்தால் கைகுலுக்க மாட்டேன்.

3. புதன் காலை பத்து மணிக்கு, உங்களை ஸ்கேனுக்கு அழைத்துப்போக, காரவன் வாசலில் ஹாரன் அடிப்பேன். வண்டியில் அம்மாவும் இருப்பாள். நீங்கள் வரவில்லையென்றால் திட்ட மாட்டேன், படியில் உட்கார்ந்துகொள்வேன்.

4. சொந்த அப்பாவுக்கு நான் ஸ்கேன் எடுக்க விதி இடம் தராது. கூட வேலை செய்யும் ஹெலன் எடுப்பாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் உள்ளே படுத்திருப்பவரின் பாதங்கள் மட்டும்தான் தெரியும். திரையைப் பார்க்க மாட்டேன். முடிகிற வரை உங்கள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். வாருங்கள், அப்பா.

உங்கள் மகன்,
ஜோயல்